இஞ்சின் அணைந்திருக்கும்போது

இடது கோடி வரை திருப்பு, என்கிறான்.
திருப்புகிறேன்.
முன்சக்கரம் இரண்டும் ஜாக்கிகளின் மேல்,
தரைக்கு ஒரு சாண் உயரத்தில்
எங்கும் போகாமல் திரும்புகின்றன.

இப்போது வலது.
மெதுவாக. முட்டியதும் விட்டுவிடு,
அழுத்திப் பிடிக்காதே.

ஒன்பது நாளாக நான் இமெதாவோடு பேசவில்லை.
அவன் பேசினான். உப்பு எங்கே,
தார்ப்பாயை யார் எடுத்தது,
நாளை மறுநாள் கணவாய் திறக்கிறார்கள்.
நான் தட்டுகளைக் கழுவினேன்.

பானெட்டின் விளிம்புக்கு மேல்
அவன் தொப்பி மட்டும் தெரிகிறது.
தொப்பி குனிந்தால் ஆயில் ஊற்றுகிறான்,
நிமிர்ந்தால் அடுத்த திருப்பம்.

டெலிகா ஜப்பானில் பிறந்தது.
வலப்பக்க ஸ்டியரிங், சன் வைசரில் ஏதோ எச்சரிக்கை.
பதினாறு வருடமாக ஆல்வானியில்
அதைப் படித்தவர் யாருமில்லை.

குமிழி வருகிறது, என்கிறான்,
தொப்பியிடமே சொல்லிக்கொள்வதுபோல்.
இறங்கிப்போய்ப் பார்த்தேன்.
செர்ரி ஜாம் கொதிக்கும்போது
நான் வழித்து எறிவேனே
அந்த நுரையின் நிறம்.
புது ஹோஸ், புதுக் கிளாம்ப்,
அதற்குள்ளே பழைய காற்று.

பழைய ஹோஸ் வெடித்ததை
அவன் எனக்குச் சொல்லவில்லை.
மருந்துக்கடை ஷோரெனா சொன்னாள், மீதிச் சில்லறையோடு சேர்த்து:
மேலே, பனி வழித்த வண்டிகளுக்குப் பின்னால்,
சாலைக்காரர்கள் ஐந்து பேரை ஏற்றிப் போனபோது,
ஒரு வளைவின் நடுவில்.
என்னிடம் அவன் சொன்னது:
விறகு பிளந்தேன், தோள் பிடித்துக்கொண்டது.
நானும் மூன்று இரவு
அந்தத் தோளுக்குத் தைலம் தேய்த்தேன்.

பதினொன்று. பன்னிரண்டு.
இஞ்சின் ஓடவில்லை, உதவிக்கு ஆளில்லை,
என் முழங்கை நடுங்குகிறது.
சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே இந்தக் கனம்.
தரையில் இருந்தால்?
சரளையில்?
பின்னிருக்கையில் ஐந்து பேர்,
வலப்பக்கக் கண்ணாடிக்கு வெளியே
ஒன்றுமே இல்லாதபோது?

பதினேழாவது திருப்பத்தில் கை நின்றுவிட்டது.
என்ன ஆயிற்று, என்றது தொப்பி.
ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வந்தது.
சொல்லவில்லை. திருப்பினேன்.

இருபது ஆனதும் சாவியைப் போடச் சொன்னான்.
பம்ப் முனகியது,
கன்று ஈனும் மாட்டைப்போல,
பக்கத்து வீட்டு நாய் வேலிக்கு ஓடிவந்து கேட்டது.
அணை, அணை.
அரைமணி நேரம் விடவேண்டும்,
நுரை தானாக மேலே வரும்,
அவசரப்பட்டால் மறுபடி உள்ளே போய்விடும்.

அந்த அரைமணி நேரம்
அவன் மட்கார்டில் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்தான்.
நான் இருக்கையை விட்டு இறங்கவில்லை.
அல்லிமீட்டர் என்ன, ஒரு விரற்கடை, ஆயில் இறங்கியது.
ஊற்றினான்.
மறுபடி சாவி. மறுபடி இடது, வலது.
முனகல் மெலிந்தது. முழுக்க நிற்கவில்லை.

ஜாக்கிகளை இறக்கி, கையைத் துடைத்து,
ஓட்டுநர் கதவைத் திறந்தான்.
நான் நகரவில்லை.
சற்று நின்றான். வண்டியைச் சுற்றிப்போய்
சுற்றுலாக்காரர்கள் உட்காரும் இடத்தில் ஏறினான்,
பெல்ட் எந்தப் பக்கம் என்று தேடினான்.

அலசானிப் பாலம் வரை போனோம்.
ஒரு விரலுக்குத் திரும்பியது வண்டி.
பாலத்தருகே முழுதாக வளைத்தபோது மட்டும்
உள்ளே எங்கோ சின்னதாய் ஒரு ஊளை.

எந்த வளைவு, என்று கேட்டேன்.

அவன் விதைத் தொலியை
ஜன்னலுக்கு வெளியே துப்பவில்லை, கையில் துப்பினான்.
நாற்பத்தொன்று, என்றான்.
பிறகு, நாற்பத்திரண்டும்.