கை இல்லாத இரண்டு ரூபாய்

மல்லாவிச் சந்தியில் பஸ் நிற்பது பதினொரு நிமிடம்.
அதற்குள் சொல்ல வேண்டுமாம்.
ரிக்கெற் துண்டில் சுற்றியிருந்ததைப் பிரித்து
அடைவுக் கவுண்டரின் கண்ணாடியில் வைத்தான் பத்மகரன்:
தொண்ணூற்றாறாம் ஆண்டு இரண்டு ரூபாய்.
சிங்கம் இருக்கிறது. வாள் இருக்கிறது.
சிங்கள எழுத்தில் குறையில்லை, ஆங்கிலத்திலும் இல்லை.
தமிழில் மட்டும் ‘இலங்’.
கை இல்லை.

“பிழையா அடிச்சதெண்டால் கொழும்பில ஒருத்தன்
பத்தாயிரம் தருவானாம்.
ஆரும் சுரண்டினதெண்டால் ரெண்டு ரூவா.
ரெண்டு ரூவாய்க்கு இப்ப டொபியும் இல்லை, அக்கா.”

நகை பார்க்கும் லென்ஸைக் கண்ணில் இடுக்கினேன்.
பின்னால் நின்றவர்கள் லென்ஸ் இல்லாமலே பார்த்துவிட்டார்கள்.
தோட்டை மீட்க வந்த இராசமலர் சொன்னாள்:
“வேணுமெண்டுதான் விட்டிருப்பாங்கள்.”
உரப்பையைத் தோளில் வைத்தபடி ஞானப்பிரகாசம்:
“சீ, எங்கட பெடியன் ஆரோ வெறுத்துப்போய் ஆணியால…”
நெருப்பில வெந்திருக்கும் என்றது
வாசலில் நின்ற ஒரு குரல்.

சுரண்டினால் கோடு இருக்கும்.
அரத்தால் தேய்த்தால் கோடுகள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்,
மெஷின் வெட்டிப்போன வயலின் அடிக்கட்டைபோல.
சுத்தியல் பட்டால் உலோகம் எங்காவது ஒதுங்கியாக வேண்டும்;
பக்கத்து எழுத்தின்மேல் ஏறும்,
இல்லாவிட்டால் மறுபக்கம் அதே இடம் சப்பையாகும்.
நெருப்பு எழுத்துப் பார்த்துத் தின்னாது.
அது எனக்குத் தெரியும்.
மீளக்குடியேறி வந்த வருடம்
உருகிக் கட்டியாய்ப் போன தாலிகளை
இதே தராசில் நிறுத்திருக்கிறேன்.

எட்டு தசம் இரண்டு ஒன்று.
லாச்சியில் கிடந்த அதே ஆண்டுக் காசு
எட்டு தசம் இரண்டு பூச்சியம்.
ஆக, இதிலிருந்து ஒருவரும் ஒன்றும் எடுக்கவில்லை.

கை இருக்கவேண்டிய இடம் வழுவழுப்பு.
வெளிச்சம் நடுவிலிருந்து விளிம்புவரை
அறுபடாமல் ஓடுகிறது.
லைட்டைச் சரித்தேன்.
ககரத்தின் முதுகு ஒரு கணம் தெரிந்து தாழ்ந்தது,
குளத்தில் மாடு முழுகினதைப்போல.
வெட்டியெடுத்த இடத்தில் இப்படி நிழல் நிற்காது.
அச்சின் பள்ளத்தில் கிறீஸ் அடைத்திருக்கிறது,
உலோகத்துக்கு உள்ளே போக வழியில்லை.
எங்கேயோ ஒரு மெஷின்,
எவரோ துடைக்க மறந்த ஒரு காலை.

“பிறவியிலதான்,” என்றேன்.

சொன்ன பிறகுதான் சொல் எனக்கே கேட்டது.
பிரதேச செயலகப் படிவத்தில் பதினேழாம் கேள்வி:
குறைபாடு பிறப்பிலேயா, பின்னர் ஏற்பட்டதா?
பொருந்தாததை வெட்டிவிடுக.
எத்தனை பேருக்கு நிரப்பிக் கொடுத்திருப்பேன்!
வெட்டியது எப்போதும் முதலாவதை.

பத்மகரன் காசை எடுத்தான்.
இடது கையில் இரண்டு விரலும் ஓர் அரை விரலும்;
அந்த இடுக்கில் நீளமாய் மடித்த நோட்டுகள்.
மிச்சக் காசில் ஒருநாளும் பிழைவிடாதவன்.
“அப்ப இதுக்கு விலை இருக்கு,” என்றான்.
சிரித்தானா, தெரியவில்லை.

இன்னொன்றும் சொன்னேன், சொல்லாமல் விட்டிருக்கலாம்:
சிங்கத்தின் முகத்தில் ஒரு கீறல்,
உள்ளே இன்னும் பளபளப்பு மங்கவில்லை.
அது பிறகு பட்டது. விலையில் பாதி போகும்.

“அது நான்தான், அக்கா.
ஊத்தையெண்டு நினைச்சுத் திறப்பால சுரண்டிப் பாத்தனான்.”

ஹோர்ன் அடித்தது. ஓடினான்.

இராசமலர் பற்றுச்சீட்டை நீட்டவில்லை,
என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
“கிறீஸாம்,” என்றாள்.
“மற்ற ரெண்டு பாஷையிலயும் அடைக்காத கிறீஸ்.”

லென்ஸை மறுபடி எடுத்தேன்.
காசு பஸ்ஸில் ஏறி
துணுக்காய்ப் பக்கம் திரும்பிவிட்டது.