செவ்வாய்க்கிழமை

வெள்ளிக் கரண்டிக்கு நூற்றிருபது வெள்ளி.
லண்டனில் செய்தது. நீலப் பட்டு விரித்த பெட்டி
தனிக் கணக்கு.
அந்தக் கரண்டியால் ஒரு திங்கட்கிழமை மாலை
புக்கிட் தீமா மேட்டில், லாலாங் புல் வெட்டிய திடலில்,
ஆளுநர் மூன்று முறை சாந்தைத் தடவினார்.
பெம்பர்டன் கல்லூரி பிறந்துவிட்டது என்றார்.
பேண்டு வாத்தியம். தொப்பிகள் உயர்ந்தன.
லத்தீனில் ஒரு வாசகம்.
புரியாமல் விழிக்க
மாணவர் யாரும் இன்னும் வந்திருக்கவில்லை.

நூற்றாண்டு மலருக்காக என்னைக்
கணக்குப் புத்தகங்களோடு ஒரு குளிரறையில் அடைத்திருக்கிறார்கள்.
கையுறை போட்டுத்தான் புரட்ட வேண்டும்.
கரையான் தின்றது போக மீதி:
ஐஸ், ஷாம்பெய்ன், ஆளுநரின் குதிரைக்குப் புல்.

அடுத்த பக்கம், செவ்வாய்.
கோணலாக உட்கார்ந்த அடிக்கல்லைப் பெயர்த்து
நேராக வைக்கக்
கூலிகள் இருவர், அரை நாள், நாற்பது காசு.
ஒருவனுக்கு மட்டும் பெயர் உண்டு: சூப்ராயன்.
சுப்பராயனாக இருக்கலாம்.
குமாஸ்தாவின் காதில் விழுந்தது அவ்வளவுதான்.

கையுறையைக் கழற்றிவிட்டேன்.

யார் பார்த்திருப்பார்கள்?
பந்தல் பிரித்துக்கொண்டிருந்தவர்கள். ஏதோ ஒரு குரங்கு.
கடப்பாரை நுழைத்து நெம்பி,
அரசர் பெயர் மண்ணில் படாமல் கோணிமேல் சாய்த்து,
ஆளுநர் தடவிய சாந்தைச் சுரண்டி எறிந்து,
புதிதாகக் குழைத்து,
ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை
தட்டித் தட்டி

அதன்பின் அந்தக் கல் அசையவில்லை.
கறுப்பு அங்கிக்குள் வியர்த்தபடி கிரேக்கம் படித்தார்கள்.
ஜப்பானியர் நூலகத்தில் அரிசி மூட்டை அடுக்கினார்கள்.
பெயர் இரண்டு முறை மாறியது. மாணவர்கள் மேற்கே போனார்கள்.
கட்டடம் இப்போது வாடகைக்கு:
ஒரு பக்கம் பாலே வகுப்பு,
மறுபக்கம் நாய்களுக்கு முடி வெட்டுகிறார்கள்.
சுவரில் விரிசல் இல்லை.

விழாவை ஒரு நாள் தள்ளலாமா என்று கேட்டேன்.
குழுத் தலைவர் மிஸ் ஓங் சிரித்தார், கோபமில்லாமல்தான்.
அழைப்பிதழ் அச்சாகிவிட்டது.
அமைச்சருக்குத் திங்கள்தான் தோது.

செவ்வாய் காலை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன்.
கையில் கோப்பி ஓ, பிளாஸ்டிக் பையில்.
குளித்து முடித்த ஒரு வெள்ளை நாய்
உடம்பை உதறிக்கொண்டு கடந்து போனது.
நேற்றைய ஆர்க்கிட் வளையம்
கல்லின்மேல் ஒருபுறமாகச் சரிந்து தொங்கியது.
ரசமட்டம் ஏது என்னிடம்.
கண்ணளவில் சரிசெய்தேன்.