முப்பது நாள் தொட்டி

"நல்லா சாப்பிடுது, கவலைப்படாதே" என்று மலாயில் சொன்னான்
பட்டர்வொர்த் ஆ கியோங்.
அவன் காட்டியது வாயை.
நான் பார்த்துக்கொண்டிருந்தது செவுளை.

ஆரஞ்சுப் பட்டை, நீண்ட மூக்கு,
வாலருகே பொய்க்கண் வைத்த பட்டாம்பூச்சி மீன்.
பையை மடியில் வைத்துக்கொண்டே பீடோங் வரை வந்தேன்.
வளைவுகளில் குணசீலன்
முட்டை லோரி ஓட்டுவதுபோல் ஓட்டினார்.

துணி துவைக்கும் மிஷினுக்குப் பக்கத்தில்
மணலில்லாத, கல்லில்லாத தொட்டி.
ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு.
"ஜெயில் மாதிரி இருக்கு" என்றார்.
வார்டு என்றேன்.
குதிரைக் காலண்டரில் பென்சிலால் ஒன்று போட்டேன்.

நிமிடத்துக்கு நூற்றுப் பத்து.
செவுள் மூடி திறப்பதைக் கடிகாரத்தோடு
மூன்று தடவை எண்ணிவிட்டேன்.
இவ்வளவு வேகமென்றால் உள்ளே யாரோ குடியிருக்கிறார்கள்.
யார்?

விளக்கை அணைத்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன்.
உப்புக்கல் போன்ற புள்ளி இல்லை.
மஞ்சள்தூள் தூவிய மினுமினுப்பும் இல்லை.
தோல் உரியவில்லை.
இடது கண்ணில் மட்டும்
அரிசி கழுவிய நீர்போல் ஒரு திரை.
பிறகு அது குழாயின் விளிம்பில்
விலாவை ஒரு தரம் உரசிவிட்டுப் போனது,
பஸ்ஸில் யாரும் பார்க்காத நேரம்
முதுகைச் சொறிந்துகொள்பவரைப் போல.

பகலில் எனக்குக் கிளினிக்கில் ரத்த ஸ்லைடு பார்க்கும் வேலை.
செம்பனைத் தோட்டத்துக்குப் புதிதாய் இறங்கிய பையன்,
நேப்பாளோ வங்காளமோ,
எங்கே வலிக்கிறது என்று கேட்டால்
"ஓகே, ஓகே" என்கிறான்.
விரல் நுனியில் ஒரு சொட்டு எடுக்கிறேன்.
அதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டாம்.

சனிக்கிழமை,
ஒரு நாள் காற்றூட்டிய நல்ல தண்ணீர்,
ஒரு சிட்டிகை சமையல் சோடா,
தொட்டியில் உள்ள அதே சூடு.
கறுப்பு வாளியில் கடல்மீனை விட்டேன்.
சாய்ந்தது. அப்படியே கிடந்தது.
"கொன்னுட்டியா?" என்றார் குணசீலன்,
நேரம் பார்க்கக் கைப்பேசியைப் பிடித்தபடி.

மூன்றாம் நிமிடம்
வாளியின் அடியில் ஒன்று உதிர்ந்தது.
பிறகு நாலைந்து. பிறகு எண்ணவில்லை.
வெந்த ஜவ்வரிசியை விரலால் நசுக்கியதுபோல்.
உயிரோடிருந்தவரை கண்ணாடி.
செத்த பிறகுதான் வெள்ளை.
தட்டைப்புழு.

ஐந்தாம் நிமிடம் மீனைத் திருப்பி விட்டேன்.
வாளியைப் பின்வாசலுக்குக் கொண்டுபோனவர்
கொட்டாமல் நெடுநேரம் நின்றார்.
"இவ்வளவும் அது மேலயா இருந்துச்சு?"

மருந்து. சில நாள் விட்டு மறுபடி மருந்து,
முட்டைக்குள் இருப்பதை இது தொடாது,
பொரித்து வெளியே வந்ததும் பிடிக்க வேண்டும்.
தொண்ணூறு. எழுபத்தெட்டு.
பதினோராம் நாள், பசார் மாலாமில் வாங்கிய கெராங்கைக்
கத்தியால் பிளந்து ஓட்டோடு போட்டேன்.
நீண்ட மூக்கை நுழைத்து
அது சதையைப் பிய்த்த சத்தம் கேட்டது.
கேட்டிருக்க முடியாது.

இன்று பத்தொன்பது.
வலது துடுப்பில் ஒரு வெள்ளை.
ஒன்றே ஒன்று.

காற்றுக் குமிழாக இருக்கலாம்.
கரையாத உப்பாகவும் இருக்கலாம்.
அல்லது உப்பைப்போல் வந்து, சில நாளில் உதிர்ந்து,
குணமாகிவிட்டதென்று நம்பவைத்து,
தொட்டியடியில் பெருகி
நூறாகத் திரும்பி வருகிறதே, அது.
அதுவென்றால் காலண்டரில்
பத்தொன்பதையும் அழித்துவிட்டு மறுபடி ஒன்று.

பம்பை நிறுத்தினேன்.
குமிழ்கள் மேலேறி உடைந்தன.
இத்தனை நாள் பம்புக்குப் பின்னால் இருந்த
செம்பனை ஆலையின் இரைச்சல்
வீட்டுக்குள் வந்தது.

"என்ன?" என்றார் கதவருகே நின்று.

"இருங்க. துடுப்பை விரிக்கட்டும்."

டார்ச் ஒரு கையில்.
இன்னொரு கையில் ரப்பர்.