இரண்டாம் சுற்று

கிளிநொச்சி கூட்டுறவு மண்டபத்தில்
கொழும்பிலிருந்து வந்திறங்கின
ஆறு விளையாட்டு மெஷின்கள்.
காசு போடும் துவாரங்களை
ரீவிக்காரர் ரேப் ஒட்டி மூடியிருந்தார்கள்.

இரண்டாம் சுற்று கார் றேஸ். தொண்ணூறு செக்கன்.
பக்கத்து இருக்கையில்
மாங்குளம் ரிப்பர் சாரதி கோணேசலிங்கம்,
செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினவர்.

நாற்பதாவது செக்கனில்
திரைக்குள் ஒரு மாடு குறுக்கே வந்தது.
நான் ஊடறுத்துப் போனேன். புள்ளி குறையவில்லை.
அவர் பிரேக்கை மிதித்தார்,
ஹோர்ன் தேடிக் கை தடவினார்,
அந்த மெஷினில் ஹோர்ன் இல்லை.
மண்டபமே விழுந்து சிரித்தது.
அறிவிப்பாளினி மைக்கை நீட்ட,
"சினை மாடு, தங்கச்சி.
நீங்கள் காணேல்லையோ?"

எனக்கு ரைஸ் குக்கர்.
அவருக்கு ஒரு தொப்பி.

கடைசி பஸ் போய்விட்டது.
அவரின் ரிப்பரிலேயே ஏறினேன்.
முறிகண்டியில் கச்சான் வாங்கித் தந்தார்,
வென்ற ஆள் காசு கொடுக்கக்கூடாதாம்.
கொக்காவிலுக்குக் கிட்ட
ஏ-ஒன்பது வீதி முழுக்க மாடுகள்,
தார்ச் சூட்டில் படுத்து அசைபோட்டபடி.
லைற்றைத் தணித்தார். ஹோர்ன் அடிக்கவில்லை.
மடியில் குக்கர் பெட்டி.
எத்தனை செக்கன் என்று எண்ணவில்லை,
கச்சான் முடிந்துவிட்டது.

ஞாயிறு இரவு ரீவியில் போட்டார்கள்.
மாட்டை வெட்டிவிட்டிருந்தார்கள்.