அரிசி அகலம்

பதினோரு நாள் நான் குனிந்து பார்க்கவில்லை.
கூரையில் விசிறி, சுவரில் பல்லி,
எதிர்க் கட்டிலில் கால் முறிந்த சத்துணவு ஆயா.
தொப்புளுக்கு மேலே இருந்தது என் உலகம்.
கீழே இருந்ததைப் பிலோமினா சிஸ்டர்
துடைத்தார், ஒட்டினார், மூடினார்.
அந்நேரம் நான் கல்யாணக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன்:
தேன்குழல் இருநூற்றொன்று,
சீப்புச் சீடை ஆறு படி,
மனகோலத்துக்குப் பாகு பதம் தப்பக் கூடாது.

பன்னிரண்டாம் நாள் ஒரு மஞ்சள் பையோடு வந்தார்.
உள்ளே வயிறு.
பாதி வயிறு. தோல் நிறப் பிளாஸ்டிக்கில்
தொப்புளுக்கு வலப்பக்கம் சிவப்பாக ஒரு மொட்டு.
“காரைக்குடி காலேஜ் பசங்க மிஷின்ல அச்சடிச்சது.”
விரல் வைத்தேன். வரி வரியாக ஓடியது.
எனக்குத் தெரியும் இந்த வரி.
குழலில் அடைத்துப் பிழிந்து
சுற்றின் மேல் சுற்றாக இறக்கினால் இப்படித்தான் வரும்.
“எண்ணெய் காணாத தேன்குழல்” என்றேன்.
எனக்குச் சிரித்தால் தையல் இழுக்கும்,
சிஸ்டர் மட்டும் சிரித்தார்.

கத்தரியும் அளவு அட்டையும் கொடுத்தார்.
தட்டில் நான் வெட்டிய முதல் ஓட்டை
கட்டைவிரல் கூடப் புகும் அளவுக்குப் பெரிது.
“இவ்வளவு இடம் விட்டா சுத்தித் தோல் வெந்துரும்.”
இரண்டாவது, மொட்டின் கழுத்தைப் பிடித்தது.
“பின்னே எவ்வளவுதான் விடுறது?”
யோசித்தார். என் கையைப் பார்த்தார்.
“ஒரு அரிசி அகலம்.”
கைக்குப் புரிந்துவிட்டது.

பொம்மையைத் துடைக்கும்போதும் பயம்,
பச்சைப் பிள்ளையின் உச்சந்தலையைப் போல் தொட்டேன்.
“அதுக்கு வலிக்காதுங்க.”
“பொம்மைக்கு எப்படி வலிக்கும்?”
“உங்களுதுக்கும் வலிக்காது.
தொட்டா வலி தெரியுற நரம்பு அதுல இல்ல.”

வலிக்கத் தெரியாத ஒன்றைத் தொட்டால் வலிக்குமென்று
பதினோரு நாள்.

குனிந்தேன்.
பொம்மை அசையாது. இது அசைந்தது.
கன்னத்தின் உட்புறம் போல ஈரமாக,
என்னைக் கேளாமல்
தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

பொம்மை ஒரு வாரத்துக்குக் கடன். நோட்டில் கையெழுத்து.
பள்ளத்தூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன்.
“பலகாரமா?” என்றாள் பக்கத்துச் சீட்டுக்காரி.
ஆமாம் என்றேன்.

அன்று ராத்திரி பின்கட்டில் லைட் எரிந்தது.
சேவுகன், லாரிக்கு மூட்டை ஏற்றுகிற ஆள்,
பொம்மையைத் தன் வயிற்றில் துண்டால் கட்டிக்கொண்டு
தட்டு ஒட்டி, பை மாட்டி, கஞ்சி ஊற்றி
உட்கார்ந்து எழுந்து பார்க்கிறார்.
கஞ்சி தொடை வழியாக இறங்கித் தரையெல்லாம் ஓடியது.
“கிளிப்பு போட மறந்துட்டேன்டா”
என்றார் கொல்லையில் நின்ற நாயிடம்.
நான் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை, இன்றுவரை.
மறுநாள் எனக்கு மாற்றும்போது
கிளிப்பைத்தான் முதலில் கையில் எடுத்தார்.

திருப்பித் தரும் நாள் கழுவி வைத்தேன்.
(வெந்நீர் ஆகாது, வளைந்துவிடுமாம்.)
மொட்டைச் சுற்றி நீல மை மட்டும் போகவில்லை.
எனக்கு முன்னால் வாங்கிப்போன யாரோ
பேனாவால் போட்ட வட்டங்கள்.
ஒன்று மிகப் பெரிது, அடித்துவிட்டிருந்தது.
ஒன்று சரி.
தேய்ப்பதை நிறுத்திவிட்டேன்.

இன்று கோட்டையூர்க் கல்யாணம்.
சட்டியில் எண்ணெய் ஊற்றி அடுப்பை ஏற்றினேன்.
சேலைக்குள் பை மூன்றில் ஒரு பங்கு.
படி மாவைக் கையாலேயே நிறுக்கிறவளுக்கு
இது தெரியாதா?
போனேன், கொட்டினேன், துடைத்தேன்,
கிளிப்பை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தேன்,
சோப்புப் போட்டுக் கை கழுவி வந்தேன்.

எண்ணெய் இன்னும் காயவில்லை.