காற்றோட்டம்

பியெல்லாவில் மழை விட்ட சனிக்கிழமை.
"துருவா? பேச்சுக்கும் கிடையாது" என்றார் எர்மெஸ்,
கொட்டகைக் கதவைத் தோளில் தாங்கியபடி.

மிதியடியைப் புரட்டினேன்.
தரையிலிருந்த ஓட்டை வழியே
ஒரு கோழி என்னை அண்ணாந்து பார்த்தது.

"காற்றோட்டம்."
சிரிக்காமல் சொன்னார்.

எழுபத்தொன்பதாம் வருடத்து ஃபியட்.
இரண்டே இருக்கை, முதுகுக்குப் பின்னால் எஞ்சின்.
பொத்தானை அழுத்தினால்
வலது விளக்கு மட்டும் விழித்தெழும்.
இடது விளக்குக்கு
மூடியில் உள்ளங்கையால் ஒரு தட்டு,
அதுவும் அவர் தட்டினால்தான்.

டைமிங் பெல்ட்?
போன வருடம் மாற்றினேன்.
எந்தப் போன வருடம்?
விரல்விட்டு எண்ணினார். கை போதவில்லை.

கம்பளி ஆலையில் கணக்கெழுதுகிறவள் நான்.
நஷ்டம் எனக்கு வாசனையிலேயே தெரியும்:
பெட்ரோல், ஈரத்தோல், கொஞ்சம் எலி.
ஆனாலும் ஸ்டியரிங்கை விட்டு
கையை எடுக்க மனம் வரவில்லை.

நாலாயிரம் யூரோ என்றார்.
மூவாயிரம் என்று வாயெடுப்பதற்குள்
சமையலறை ஜன்னலிலிருந்து ஒர்னெல்லா:
"இன்றைக்கே கொண்டுபோனால் இரண்டாயிரம்!"

அதோடு பேரம் முடிந்தது.
வளையத்திலிருந்து சாவியைக் கழற்றத்தான்
அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

வண்டி கிளம்பவில்லை.
சரிவுவரை இருவரும் தள்ளினார்கள்,
அவள் முழு பலத்தோடு,
அவர் தள்ளினாரா, பிடித்து இழுத்தாரா
தெரியவில்லை.

இரண்டாவது கியரில் கிளட்சை விட்டேன்.
இருமல், கரும்புகை,
பிறகு பிடரியில் அந்த உறுமல்.

கண்ணாடியில்
சாலை நடுவே எர்மெஸ்,
நீட்டிய கைகளை இன்னும் மடக்காமல்.

முதல் வளைவு நெருங்கியபோதுதான்
நினைவுக்கு வந்தது:
பிரேக்கைப் பற்றி
நான் கேட்கவே இல்லை.