மூன்றாம் எண் கூண்டு

துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால்
மொட்டைமாடியிலிருந்து நான் கூண்டு இறக்க வேண்டும்.
கடலூர் முதுநகரில் இந்த ஒரே சொல்லை
துறைமுக ஆபீசும் நானும்
வேறு வேறு கவலைக்கு வைத்திருக்கிறோம்.

என் கூண்டில் நாலு பேர்.
கறுப்பி, சம்பங்கி,
கழுத்தில் இறகே இல்லாத மேனேஜர்,
பேர் வைக்க நாள் தள்ளித் தள்ளி
'அது' என்றே நின்றுபோன ஒன்று.
நாலும் சேர்ந்து நாளைக்கு இரண்டு முட்டை.
கணக்குப் பார்த்தால் தீவனத்துக்கே கட்டாது.
ஐஸ் கம்பெனியில் பகலெல்லாம் கணக்குத்தான் எழுதுகிறேன்,
வீட்டுக்கு வந்தும் எழுதுவதில்லை.

புதிதில்
மீன் குடல் சும்மா கிடைக்கிறதே என்று போட்டேன்.
பத்தாம் நாள் ஆம்லெட்டில் நெத்திலி வாசம்.
லோகேஷ் தட்டைத் தள்ளிவைத்து
"இது கோழி போட்டதா, கெளுத்தி போட்டதா?" என்றான்.
தோல்முட்டையாய் விழுந்த மாசம்
ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் போனோம்.
ஜனமெல்லாம் கடலைப் பார்க்க
நான் குனிந்து கிளிஞ்சல் பொறுக்கினேன்.
பொடித்துப் போட்டதும் ஓடு கட்டியது.

பயம் என்றால்,
முதலில் வெள்ளைக் கழிச்சல்.
காலையில் ஒன்று இறகை உப்பிக்கொண்டு
மூலையில் நின்றால் போதும்,
எனக்குக் காபி இறங்காது.
கீரி. மாடி தாண்டி வரும் பூனை.
கொழுந்தனார் வருகிறார் என்று போன் வந்தால்
அந்தப் பயம் தனி.
"நாட்டுக்கோழி வீட்டிலேயே இருக்கே" என்பார்
செருப்பைக் கழற்றும் முன்பே.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் எண் ஏற்றினார்கள்.
மூன்றுக்கெல்லாம் நான் அசைவதில்லை.
மத்தியானம் ஏழு என்றார்கள்.
தணிகாசலம் லோடோடு நெல்லூரில் நிற்கிறார்.
போனில், ஜன்னல் சாத்தியாச்சா என்றார்,
பைக்கை உள்ளே ஏத்தியாச்சா என்றார்,
கொஞ்சம் சும்மா இருந்துவிட்டு
"மேனேஜர்?" என்றார்.

கக்கத்துக்கு ஒன்றாய் இரண்டு நடை.
பாத்ரூமில் சாக்கு விரித்து, வாளியைக் கவிழ்த்து, விட்டேன்.
ஒன்பது மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம்.
எதிர்வீட்டு மெகருன்னிசா, தலையில் பிளாஸ்டிக் கவர்.
கொடியில் காய்ந்த துப்பட்டாவில் எச்சம் விழுந்ததற்காக
மூன்று மாசமாய் என்னோடு பேச்சில்லை.
"எல்லாம் உள்ளே வந்தாச்சா?"
டார்ச்சை அடித்து எண்ணினாள், நாலு.
தலையாட்டிவிட்டு மழைக்குள் போய்விட்டாள்.

ராத்திரி காற்று சத்தம் போட்டது, அவ்வளவுதான்.
ஒரு முருங்கைக் கிளை, நாலு மணி நேரம் கரண்ட்.
புயல் நம்மை விட்டு ஆந்திரா பக்கம் போய்விட்டதென்று
காலையில் டிவியில் சிரித்த முகமாய்ச் சொன்னார்கள்.
ஆந்திராவில்தான் இவர் இருக்கிறார்.
போன் அடித்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே.

குருணையைக் கையில் வைத்துக்கொண்டு
எவ்வளவு நேரம் நின்றேனோ,
கறுப்பி என் கால் பெருவிரலைக் கொத்தித்தான்
நினைவு வந்தது.
பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டார்.
பெட்ரோல் பங்க் ஓரமாம், வண்டிக்கு ஒன்றுமில்லையாம்,
தார்ப்பாய் மட்டும் பறந்துவிட்டதாம்.
"முட்டை போட்டுதா?" என்று கேட்கிற மனுஷனிடம்
நான் அழுததைச் சொல்லவில்லை.
இரண்டு என்றேன்.

துறைமுகத்தில் கூண்டை இறக்கிவிட்டார்கள்.
என்னுடையது இன்னும் மாடிப்படிக்குக் கீழேயே கிடக்கிறது.
இறக்க லோகேஷ் போதும்,
ஏற்ற அவர் வேண்டும்.

மூன்று வெளியே வந்துவிட்டன.
'அது' மட்டும்
சோப்புக் கட்டியின் மேல் அடை உட்கார்ந்துவிட்டது.
கை நீட்டினால் உறுமுகிறது.
லோகேஷ் துண்டை எடுத்துக்கொண்டு
மெகருன்னிசா வீட்டுக்குக் குளிக்கப் போயிருக்கிறான்.